சொகம் தவிர வேறொன்றும் எழுதாத வலைப்பூ

வலைப்பூ ஆரம்பிக்கச் சொன்னது என் வீட்டுக்காரர்தான். துபாயில் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் அவருக்கு வேலை. ஸ்டோரில் அவருக்கென்று ஒரு கம்ப்யூட்டர் உண்டு. "போன் கார்டு தீரியதுக்குள்ள உனக்கு பிள்ளைக்க சேட்டைய சொல்லி முடியாது. ஒண்ணு செய்யி, எழுதிப் போடு. நான் இங்கன இருந்து வாசிக்கேன்" என்றார். 2009 வாக்கில் தமிழில் வலைப்பூ எழுதுவது ஒரு காய்ச்சல் போலப் பரவியிருந்தது. முந்தைய லீவில் வந்தபோது பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வைத்துவிட்டுப் போயிருந்தார். குமரி மாவட்டத்தில் புதுக்கடைப் பக்கம் எங்கள் தெருவில் இணையம் உள்ள வீடு எங்களுடையது மட்டும்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனமும் இருந்தது.

என்ன எழுதினேன் என்று கேட்டால் சிரிப்பு வரும். மின்வெட்டைத் திட்டி எழுதினேன். செய்திச் சேனல்களைத் திட்டி எழுதினேன். நாலு வயது மகள் ஒரு வாய் சோறு இறக்க எத்தனை விளம்பரம் பார்க்கிறாள் என்று எழுதினேன். சிவப்புச் சோப்பு விளம்பரம் வந்தால் வாய் திறக்கும், செய்தி வாசிக்கிறவர் வந்தால் மூடும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முன்பின் தெரியாத ஆட்கள் வந்து 'அருமை, தொடர்ந்து எழுதுங்கள்' என்று பின்னூட்டம் போட்டார்கள். என்ன அருமையோ எனக்கு இன்றுவரை புரியவில்லை.

எழுதாமல் விட்டதுதான் அதிகம். எங்கள் பக்கத்தில் வளைகுடாவுக்கு ஆள் போன வீட்டுக்கெல்லாம் ஒரு சட்டம் உண்டு. அங்கே இருக்கிறவனிடம் கெட்ட சேதி சொல்லக் கூடாது. வெள்ளிக்கிழமை போன் வரும். "சொகமா?" என்று கேட்பான். "சொகம்" என்று சொல்ல வேண்டும். வீட்டில் ஒருத்தருக்கு வயிற்றைக் கீறி ஆப்பரேஷன் நடந்திருந்தாலும் தையல் பிரித்த பிறகுதான் சொல்வார்கள், அதையும் சின்ன விஷயம்போலச் சொல்வார்கள். கிளம்பி வர முடியாதவனுக்கு எதற்கு வீண் வேதனை என்பது நியாயம். எனக்கு அந்த நியாயம் ஒரு நாளும் பிடித்ததில்லை. ஆனால் கல்யாணம் ஆகி வந்த வீட்டில் பிடித்தது பிடிக்காதது பார்க்க முடியுமா?

எங்கள் வீட்டில் அந்தச் சட்டத்துக்குக் காவல் என் மாமனார். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டார். வீட்டில் நான், பிள்ளை, மாமா, மூன்று பேர்தான். மாமாவே சவூதியில் வெகுகாலம் வெல்டராக இருந்து வந்தவர். வலைப்பூ விஷயம் தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "எழுது மக்ளே, எழுதாண்டாம்னு சொல்லல்ல. ஆனா அவனுக்கு வெப்ராளமோ வேதனையோ வரக்கூடியது ஒண்ணும் அதில வரப்பிடாது" என்றார். அதோடு விடவில்லை. ஒவ்வொரு பதிவையும் வெளியிடும் முன் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். மழையில் கிணற்றடிச் சுவர் சாய்ந்ததைப் பற்றி நான் அழகாக எழுதியிருந்தேன். "அத எடு" என்றார். பிள்ளைக்கு அம்மை போட்டதை எழுதினேன். அதையும் எடு. சவத்த, இதற்குப் பேசாமல் காலண்டரில் உள்ள ராசிபலனை டைப் அடித்துப் போடலாம் என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டு எடுத்தேன்.

அந்த வருட மே மாதத்தில் ஒரு நாள் கேரளத்தில் ஹர்த்தால். எங்கள் வீட்டில் இரண்டு செய்தி ஓடும். தமிழ்ச் செய்தி சென்னையிலிருந்து வரும், மலையாளச் செய்தி திருவனந்தபுரத்திலிருந்து வரும். சென்னையை விடத் திருவனந்தபுரம் எங்களுக்கு எத்தனையோ பக்கம். ஆனாலும் அன்று காலையில் தமிழ்ச் சேனலில் ஹர்த்தால் பற்றி மூச்சில்லை. மலையாளச் சேனலில் கண்ணாடி நொறுங்கிய ஒரு பஸ்ஸைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். நமக்கென்ன, நாம் இன்றைக்கு அந்தப் பக்கம் போகப் போகிறோமா என்று நினைத்துக்கொண்டு நான் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

மகள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள். கையில் அவள் அப்பா கொடுத்தனுப்பிய பொம்மை போன். ஈஸ்டருக்கு லீவில் வந்த நண்பர் ஒருவர் கொண்டு வந்து தந்த பார்சலில் இருந்தது அது. பொத்தானை அமுக்கினால் பாடும். பிள்ளையின் கண் இரண்டும் பிதுங்கி நின்றன, வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. ஒரு கையால் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "காசு" என்றாள். அடுப்பை அணைத்தேனா இல்லையா என்பது எனக்கு இப்போதும் நினைவில்லை. தூக்கிக் கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினேன். மாமா ஓடி வந்து அவரும் தட்டினார். குடித்த பால் வந்தது, வேறொன்றும் வரவில்லை. கையில் பிள்ளை, பிள்ளையின் கையில் அந்தப் போன், அப்படியே ஆட்டோ பிடித்து மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆட்டோவில் மாமா, "கம்ப்யூட்டர் முன்ன இருந்தியா?" என்று கேட்டார். "தோசை சுட்டுட்டு இருந்தேன், உங்களுக்குத்தான்" என்றேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு லேடி டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுத்துக்குக் கீழே வட்டமாக, வெள்ளையாக ஒன்று நின்றது. "காசு மாதிரிதான் இருக்கு. ஆனா பிள்ளை அசைஞ்சிட்டதனால ஓரம் கலங்கியிருக்கு. பட்டன் பேட்டரியா இருந்தா ஓரம் ரெட்டைக் கோடா தெரியும். இதுல என்னால உறுதியா சொல்ல முடியல" என்றார். இன்னொரு படம் எடுக்கலாம் என்று அவர் எழுந்தபோதே கரண்டு போயிற்று. அந்நாட்களில் போனால் இரண்டு மணி நேரம். லைட்டும் டிவியும் ஜெனரேட்டரில் ஓடும், எக்ஸ்ரே மெஷின் ஓடாது.

டாக்டர் என்னை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னார். காசு என்றால் பயமில்லை. மூச்சு நன்றாக இருக்கிறது. இன்று முழுக்க வைத்துப் பார்த்துவிட்டு, ஹர்த்தால் முடிந்த பிறகு நாளைக் காலையில் திருவனந்தபுரம் கொண்டு போனால் போதும். பேட்டரி என்றால் கதை வேறு. அது நிற்கிற இடத்தில் உணவுக்குழாயை அரித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மணி நேரமும் கணக்குத்தான், ஓட்டை விழுந்தால் பிள்ளை கைக்குக் கிடைக்காது. நாகர்கோவிலுக்குப் போன் போட்டு விசாரித்தார். குழந்தைகளுக்குக் குழாய் விட்டு எடுக்கிறவர் அன்று ஊரில் இல்லை. "பேட்டரின்னு தெரிஞ்சா இப்பவே கிளம்பணும். ஹர்த்தாலோ கல்லெறியோ, பார்க்கக் கூடாது. வீட்டுல அந்த மாதிரி பேட்டரி போட்ட சாமான் ஏதும் உண்டா?" என்றார்.

நான் பொம்மைப் போனைக் காட்டினேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஸ்குரூ போட்டு இறுக்கியிருந்தது. பொத்தானை அமுக்கினார், அது தன்பாட்டுக்குப் பாடியது. "அப்ப இதுல உள்ளது இதுலதான் இருக்கு" என்றார்.

மாமா பெருமூச்சு விட்டார். "காசுதான் டாக்டரே. கோயில் காணிக்கைக்கு எடுத்து வச்ச சில்லறை மேசையில கெடந்தது. அதில ஒண்ணத்தான் எடுத்திருப்பா. அவளே காசுன்னுதான் சொன்னா."

அவள் சொன்னது உண்மைதான். ஆனால் என் மகளுக்கு வட்டமாக மினுங்குவது எல்லாமே காசு. சோடா மூடி காசு, சட்டைப் பொத்தான் காசு. பெற்றவளுக்கு இது தெரியாதா? அந்தப் பார்சலில் வந்த சாமான்களை வாங்கினது, கட்டினது எல்லாம் என் வீட்டுக்காரர். வேறு எதிலாவது பேட்டரி இருந்ததா என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். "மாமா, அவியகிட்ட ஒரு வார்த்தை கேப்போம்" என்றேன்.

"வேண்டாம்."

"பார்சல்ல என்னெல்லாம் வச்சீங்கன்னு மட்டும் கேக்கேன்."

"என்னத்துக்கு கேக்கன்னு அவன் கேக்க மாட்டானா? அவன் என்ன பொட்டனா?" மாமா என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அங்கே டிவியில் அதே பஸ், அதே நொறுங்கிய கண்ணாடி. "நீ அங்க நின்னு பாத்ததில்ல. நான் பாத்திருக்கேன். ஒரு சேதி கேட்டா ஓடி வரவும் ஒக்காது, வேலை செய்யவும் ஒக்காது, கெடந்து உருகணும். எனக்க அப்பன் செத்ததை எனக்குச் சொன்னது மண்ணு போட்டு முப்பதாம் நாளும் கழிஞ்ச பொறவு. அதுக்கு நான் இதுவரை ஒருத்தரையும் குத்தம் சொன்னதில்ல. வீட்டில உள்ளவிய நல்லதுக்குத்தான் செஞ்சினும். காசு நாளைக்கு வெளிய வந்திரும். வந்த பொறவு சிரிச்சிட்டே சொல்லுவோம்."

"காசு இல்லன்னா?"

"காசுதான்."

"மாமா, இல்லன்னா?"

அவர் என் பக்கம் கையை நீட்டி, "போனை இங்க தா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. பதினெட்டு வயதில் பஸ்ஸில் இடித்தவனைச் செருப்பால் அடித்தவள் நான். ஆனால் மாமனார் கையை நீட்டி நிற்கும்போது என் கை என்னையறியாமல் போனை எடுக்கத்தான் போனது. அப்போது உள்ளே பிள்ளை இருமினாள். நான் திரும்பி ஓடினேன். நர்சின் மடியில் இருந்தாள், எச்சிலை விழுங்க முடியாமல் துப்பிக்கொண்டிருந்தாள். விழுங்கப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் முகம் கோணியது. காசு இப்படி வலிக்குமா என்று நர்சிடம் கேட்டேன். அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் படத்தைத் திரும்பவும் ஜன்னலுக்குக் கொண்டு போனார்.

அங்கேயே நின்று வீட்டுக்காரருக்கு மிஸ்டு கால் கொடுத்தேன். எங்கள் வீட்டில் ஒரு மணி அடித்து நின்றால் 'நினைத்துக்கொண்டேன்' என்று பொருள், இரண்டு மணி என்றால் 'உடனே கூப்பிடு'. இரண்டு அடிக்க விட்டுக் கட் செய்தேன். அவருக்கு அது வேலை நேரம். ஸ்டோரில் சாமான் இறங்குகிற நேரமாக இருக்கும், போனைப் பார்க்கவே அரை மணி ஆகும் என்று நினைத்தேன். உடனே திருப்பிக் கூப்பிட்டார்.

மாமா என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. மணி அடித்ததும் என் கையிலிருந்து வாங்கிவிட்டார். "ஒண்ணுமில்ல மக்கா. பிள்ளை போன வச்சு விளையாண்டுட்டு இருந்தா, கை தட்டிப் போச்சு. ஆமா, ஆமா. இங்க எல்லாரும் சொகம்." என்ன அழகாகச் சொன்னார் தெரியுமா? குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பக்கத்தில் பிள்ளை துப்பிக்கொண்டிருக்கிறாள், எல்லாரும் சொகமாம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றும் பார்க்கவில்லை, மாமனார் என்றும் பார்க்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டு போய்க் கத்தினேன். "சொகம் இல்ல. பிள்ளை எதையோ முழுங்கிட்டா, தொண்டையில நிக்குது. பார்சல்ல வேற எதிலயாவது சின்ன பேட்டரி வச்சீங்களா, சொல்லுங்க."

மாமாவின் கை தாழ்ந்தது. போனை நான் எடுத்தேன். என் வீட்டுக்காரரின் குரல் வந்தது, அவர் குரல் மாதிரியே இல்லை. "போன் வந்த பெட்டி எங்க இருக்கு?"

"எந்தப் பெட்டி?"

"பொம்மை போனுக்க அட்டைப்பெட்டி. அடி அட்டைக்குக் கீழ ஸ்பேர் பேட்டரி ஒண்ணு டேப் போட்டு ஒட்டியிருந்தேன். ஊர்ல அது கெடைக்காதுல்லா, தீந்தா பிள்ளை அழுவாளேன்னு."

அந்தப் பெட்டியை நான் கேட்க வேண்டுமா? பொம்மையை விட அந்தப் பெட்டிதான் என் மகளுக்கு உயிர். சிப்பியும் பாசிமணியும் போட்டு வைத்துக்கொண்டு வீடெல்லாம் தூக்கி அலைவாள். அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுக்க அவளுக்கு ஒன்றரை மாதம் ஆகியிருக்கிறது. போனை வைக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. "பேட்டரி" என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் அந்தக் கணமே திருவனந்தபுரத்துக்குப் போன் போட்டு ஆளை ஏற்பாடு செய்யத் தொடங்கினார்.

ஆம்புலன்ஸ் வேறொரு கேஸ் ஏற்றிக்கொண்டு நாகர்கோவில் போயிருந்தது. கார் ஸ்டாண்டில் நான்கைந்து வண்டி நின்றன, ஒருத்தரும் அசையவில்லை. "அக்கா, டிவியில பாக்கலியா? நம்ம தமிழ்நாட்டு நம்பர் வண்டியப் பாத்தா ஒடனே எறிவானுவ" என்றார் ஒரு டிரைவர். அந்தப் பாழாய்ப் போன பஸ். மாமா முதலில் நின்ற காரின் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். "இனி நீ வண்டிய வீட்டுக்குக் கொண்டு போணும்னா என்னையும் கூட்டிட்டுத்தான் போணும். அதுக்குப் பதிலா திருவனந்தபுரத்துக்கு விடு" என்றார். டிரைவர் அவரைப் பார்த்தார், என் தோளில் கிடந்த பிள்ளையைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டு சாவியை எடுத்தார். மலையாளம் தெரிந்த நர்ஸ் ஒருத்தி ஒரு தாளில் 'ஆஸ்பத்திரி' என்று பெரிய எழுத்தில் எழுதி, கட்டுப் போடுகிற பிளாஸ்திரியால் முன் கண்ணாடியில் ஒட்டிவிட்டாள்.

எல்லையில் உள்ள களியக்காவிளை தாண்டியதும் உலகமே செத்துப் போனது மாதிரி இருந்தது. கடை ஒன்று திறக்கவில்லை, சாலையில் ஒரு நாய் படுத்திருந்தது, ஹார்ன் அடித்த பிறகுதான் எழுந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் டிரைவர் வேகத்தைக் குறைத்தார், நான் "போங்க, போங்க" என்றேன். பிள்ளை அழுகிறாளா என்று பார்த்தேன், அழவில்லை. அழாமல் கிடந்ததுதான் பயம். பேசு மக்ளே, அம்மாவைப் பாரு என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். இப்போது உள்ளே அது எவ்வளவு அரித்திருக்கும் என்று என் மனது பாட்டுக்குக் கணக்குப் போட்டது. தோசை சுடும்போது விழுங்கினது, படம் எடுக்க ஒரு நேரம், வராந்தாவில் சண்டை போட்ட நேரம். அந்தச் சண்டை நேரத்தை நினைக்கும்போதெல்லாம் முன் சீட்டில் தெரிந்த நரைத்த தலையைப் பிடித்து ஆட்ட வேண்டும் போலிருந்தது.

நெய்யாற்றின்கரைக்கு முன் மரக்கிளைகளைச் சாலையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். கொடியோடு ஒரு கூட்டம். ஒருவன் கையில் கல். மாமா கண்ணாடியை இறக்கித் தலையை முழுதாக வெளியே நீட்டினார். எறிந்தால் என் தலையில் எறி என்பது போல. மலையாளத்தில் சொன்னார், பிள்ளை பேட்டரி விழுங்கிவிட்டது, தொண்டையில் நிற்கிறது, நேரமில்லை. கல் வைத்திருந்தவன் வந்து ஜன்னல் வழியாகப் பிள்ளையைப் பார்த்தான். பிறகு கல்லை ஓரத்தில் போட்டுவிட்டு அவனே கிளையை இழுத்தான். மற்றவர்களும் இழுத்தார்கள். அவ்வளவுதான். பிறகு ஆஸ்பத்திரி வரை எங்களை ஒருத்தரும் மறிக்கவில்லை. டிவியில் பார்த்த அந்த பஸ் எந்த ஊர்ச் சாலையில் நின்றதோ, எங்கள் வழியில் அதன் ஒரு கண்ணாடிச் சில்லுகூடக் கிடக்கவில்லை.

வாசலிலேயே ஸ்டிரெச்சர் வைத்துக் காத்திருந்தார்கள். உள்ளே கொண்டு போனார்கள். கதவு மூடியது. நானும் மாமாவும் ஒரு பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்தோம். அவர் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. எனக்கு ஜெபம்கூட வரவில்லை. மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஒரு சொல் எழவில்லை.

டாக்டர் வெளியே வந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடியைக் காட்டினார். அதில் அது கிடந்தது. ஒரு பக்கம் வெள்ளி, மறுபக்கம் கரி. உணவுக்குழாய் வெந்திருக்கிறது, ஆனால் ஓட்டை விழவில்லை. சில நாள் மூக்கு வழியாகக் குழாயில்தான் பால், பிறகு திரும்பவும் பார்க்க வேண்டும், பிழைத்துக்கொள்வாள் என்றார். நாளைக்கு வந்திருந்தால் நான் உங்களிடம் வேறு பேச்சுப் பேச வேண்டியிருந்திருக்கும் என்றும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீடு திரும்பிய பிறகு இதை வலைப்பூவில் எழுதினேன். யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. ஸ்பேர் பேட்டரியைப் பெட்டியில் ஒட்டி அனுப்பாதீர்கள், சந்தேகம் வந்தால் அனுப்பினவரிடம் கேட்க வெட்கப்படாதீர்கள் என்று எழுதினேன். என் வலைப்பூவுக்கு அதுவரை வராத கூட்டம் வந்தது. ஷார்ஜா, தோஹா, மஸ்கட் என்று எங்கிருந்தெல்லாமோ. 'அருமை' என்று ஒருவரும் எழுதவில்லை. 'என் தம்பி இறந்தது எனக்குத் தெரிந்தது லீவில் வீட்டு வாசலில் இறங்கியபோதுதான்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு என்ன பதில் போடுவது என்று தெரியாமல் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். ஆனால் அந்தப் பதிவிலும் ஒன்றை எழுதவில்லை. அன்று மாலை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது அது.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள். என் போன் அடித்தது, அவர்தான். பாதியை விழுங்கிப் பாதியைச் சொல்லும் பேச்சு இனி வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்தேன். வெந்திருக்கிறது என்றேன். மூக்கில் குழாய் என்றேன். பிள்ளை பயத்தில் என் விரலைக் கடித்துவிட்டாள், காயம் என்றேன். அவர் சத்தமாக அழுதார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவர் அழுது கேட்டதில்லை. அழட்டும் என்று விட்டேன். அழுது முடித்துவிட்டு, "ஏட்டி, நீ இப்பிடி ஒண்ணும் ஒளிக்காம சொன்னதினால நானும் ஒண்ணு சொல்லுகேன். சத்தம் போடப்பிடாது" என்றார்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் ஸ்டோரில் மேல் ரேக்கிலிருந்து பெட்டி எடுக்க ஏணியில் ஏறியிருக்கிறார். ஏணி சரிந்தது. வலது கால் தொடையில் முறிவு, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஒன்றரை மாதமாக ரூமில் கட்டிலில் கிடக்கிறார். அந்த நாட்களில் என் பதிவுகளுக்கு அவரிடமிருந்து பின்னூட்டம் ஒன்றும் வராதது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. கம்பெனிக்காரன் ஸ்டோரில் நெட்டை நிறுத்திவிட்டான் என்று என்னிடம் கதை விட்டிருந்தார். அன்று காலையில் மிஸ்டு காலுக்கு உடனே திருப்பிக் கூப்பிட முடிந்ததும் அதனால்தான். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு கிடக்கிற மனுஷன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"அப்பாக்குத் தெரியும்" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். மாமா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விளங்கிவிட்டது. "நான்தான் சொல்லாண்டாம்னேன்" என்றார். "நீ பிள்ளைய வச்சிட்டு இங்க கெடந்து கரைவ. அங்க அவன் எழும்ப வழியில்லாம கெடக்கான். இண்ணைக்குக் காலையில பிள்ளைக்கு இப்பிடின்னு அவன் கேட்டா, கட்டில்ல இருந்து சாடிருவானோன்னு நான் பயந்தேன்."

அவர் சொன்னது பொய் இல்லை என்று தெரிந்தது. அதனால் என் கோபம் குறைந்ததா என்றால் இல்லை. "மாமா, நடுவில நின்னு ரெண்டு பேருக்க கண்ணையும் கட்டிப் போட்டிருக்கீங்க. காலையில நான் உங்க பேச்சைக் கேட்டிருந்தா இப்பம் எனக்குப் பிள்ளை இல்ல. இது உங்களுக்குத் தெரியுதா?" என்றேன். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"தெரியுது" என்றார் மாமா.

வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். ஒன்றரை மாதமாக இந்த மனிதர் மகனுடைய முறிந்த காலை ஒருத்தரிடமும் சொல்லாமல் தனியாகச் சுமந்திருக்கிறார். என் பதிவுகளைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதும், பிள்ளைக்குச் சோறு ஊட்டியபோதும் சுமந்திருக்கிறார். போனை அவரிடம் நீட்டினேன். "பேசுங்க. எனக்க முன்னால பேசுங்க" என்றேன்.

இரண்டு கையாலும் வாங்கினார். காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து, "அப்பா, அப்பா" என்று கேட்டது. பிறகு மாமா கேட்டார்.

"கால் மடக்க முடியுதாலே?"

என் வீட்டுக்காரர் என்னவோ சொன்னார்.

"பெரண்டு படுக்கும்போ வலிக்கா?"

வலிக்கிறது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டு, எனக்கும் கேட்கும்படி போனை எங்கள் இரண்டு பேர் காதுக்கும் நடுவில் பிடித்தார்.